இரண்டு பெட்டியோடு லண்டனில் இறங்கினால்: ஹீத்ரோவிலிருந்து அறைக் கதவு வரை

படிக்கவோ வேலைக்கோ முதல்முறையாக லண்டன் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி, தோளில் ஒரு லேப்டாப் பை, கையில் ஒரு சின்ன பெட்டி. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கிளம்புகிற பெரும்பாலானோரின் நிலைமை இதுதான். விமானத்தில் ஏறும்வரை அப்பா, மாமா, தம்பி என்று தூக்க ஆள் இருப்பார்கள். ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கியபின் எல்லாமே உங்கள் இரண்டு கைதான்.

நான் வந்தபோது எல்லோரும் விசா, பேங்க், குளிர் பற்றித்தான் சொன்னார்கள். விமான நிலையத்திலிருந்து அறைக்குப் பெட்டிகளை எப்படிக் கொண்டுபோவது என்று யாரும் சொல்லவில்லை. மேப்பைத் திறந்தால் எது வேகமான வழி என்று காட்டும். அந்த வழியில் எத்தனை படிக்கட்டு இருக்கிறது என்பதை நாமாகக் கேட்டால்தான் சொல்லும். லண்டன் சுரங்க ரயிலில் 272 நிலையங்கள் இருக்கின்றன. அதில் தெருவிலிருந்து படி ஏறாமல் இறங்காமல் போகக்கூடியவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: நிமிடத்தைப் பார்த்து வழி தேர்ந்தெடுக்காதீர்கள், படிக்கட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

1. பெட்டி கட்டும்போதே பாதி வேலையை முடியுங்கள்

விமான நிறுவனம் ஒரே பெட்டியில் 32 கிலோ வரை கூடுதல் கட்டணத்துக்கு விடும் என்றால்கூட ஆசைப்படாதீர்கள். 23 கிலோ பெட்டியை ஒரு படி ஏற்றிவிடலாம். 32 கிலோ பெட்டியை இடுப்புக்கு மேலே தூக்கவே முடியாது. பெட்டியைக் கட்டியபின் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பெட்டியையும் நீங்களே, யார் உதவியும் இல்லாமல், வீட்டு மாடிப்படியில் ஒரு தளம் ஏற்றிப் பாருங்கள். மூச்சு வாங்கி நடுவில் நின்றால் சாமானைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

எதைக் குறைப்பது? அரிசி, பருப்பு, புளி, சாம்பார் பொடி, இட்லி மாவு வரை எல்லாம் இங்கே கிடைக்கிறது. ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ, டூட்டிங், வால்தம்ஸ்டோ பக்கம் தமிழ்க் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. முதல் வாரத்துக்குத் தேவையானதை மட்டும் எடுத்து வாருங்கள். வீட்டுப் பொடி வகைகளை எடுத்து வருவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, அது எடை குறைவு, மனசுக்கும் நல்லது. ஆனால் பாட்டி கொடுத்துவிடும் நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். இந்தியா, இலங்கையிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் பிரிட்டனுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. சுங்கத்தில் பார்த்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலைக் கட்டும் அப்படித்தான், அதற்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள்.

பெட்டி வாங்கும்போது சக்கரத்தைப் பாருங்கள். நான்கு சக்கரப் பெட்டி விமான நிலையத்தின் வழவழப்பான தரையில் சுகமாகப் போகும். ஆனால் ரயில் பிரேக் போட்டதும் தானாக உருண்டு எதிரில் இருப்பவர் காலில் போய் மோதும். நடைபாதைக் கற்களின் இடுக்கில் மாட்டித் திரும்பிக்கொள்ளும். பெரிய ரப்பர் சக்கரம் இரண்டு உள்ள பெட்டி தெருவுக்கு நல்லது. இரண்டு பெட்டி கொண்டுவருகிறவர்கள் ஒன்று அப்படி, ஒன்று இப்படி என்று வைத்துக்கொண்டால் ஒன்றை முன்னால் தள்ளி, மற்றதைப் பின்னால் இழுத்து வரலாம்.

2. கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்களும் கார்டும்

கீழே சொல்பவை ஒன்றுகூடப் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது:

- பாஸ்போர்ட், இ-விசா விவரம். விசா கணக்கின் உள்நுழைவுத் தகவலை அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் உள்ள பாஸ்போர்ட் எண்ணும் கையில் இருக்கும் பாஸ்போர்ட் எண்ணும் ஒன்றா என்று கிளம்புவதற்கு முன்பே சரிபாருங்கள்.
- பல்கலைக்கழகம் அனுப்பிய சேர்க்கைக் கடிதம், காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ்.
- தங்குமிடத்தின் முழு முகவரி, போஸ்ட்கோடு, வரவேற்பு மேசையின் தொலைபேசி எண். இங்கே போஸ்ட்கோடு இல்லாமல் டாக்ஸிக்காரருக்குக்கூட வழி சொல்ல முடியாது. ஒரே பெயரில் பல தெருக்கள் இருக்கின்றன.
- போக வேண்டிய வழியின் ஸ்கிரீன்ஷாட். இறங்கியதும் சிம் வேலை செய்யும் என்று நம்பி இருக்காதீர்கள்.

அடுத்தது பணம். லண்டன் பேருந்தில் ரொக்கம் வாங்கவே மாட்டார்கள். டியூப் என்கிற சுரங்க ரயில், ஹீத்ரோவிலிருந்து நகர மையத்துக்குள் போகும் எலிசபெத் லைன் ரயில், பேருந்து எல்லாவற்றிலும் விசா அல்லது மாஸ்டர்கார்டு கான்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டிவிட்டுப் போகலாம். டிக்கெட் வாங்கும் வேலையே இல்லை. ரூபே கார்டும் யுபிஐயும் இந்த டிக்கெட் கேட்டுகளில் செல்லாது.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் கான்டாக்ட்லெஸ்ஸும் பெரும்பாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வங்கி ஆப்பில் போய் இரண்டையும் தனித்தனியாக இயக்க வேண்டும், ஊரிலேயே. ஒருவருக்கு ஒரு கார்டு என்பது கட்டாயம். கணவன், மனைவி இருவரும் ஒரே கார்டைத் தட்ட முடியாது. உள்ளே போகும்போது தட்டிய அதே கார்டைத்தான் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். ஃபோனில் ஏற்றிய கார்டும் கையிலுள்ள பிளாஸ்டிக் கார்டும் ஒரே கணக்காக இருந்தாலும், கேட்டுக்கு அவை இரண்டு வேறு கார்டுகள். மாற்றித் தட்டினால் இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். கை நிறைய பெட்டியோடு நிற்கும்போது இது சுலபமாக நடக்கும், அதனால் கார்டை எடுத்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கான்டாக்ட்லெஸ் கார்டு இல்லாதவர்கள் நிலையத்து இயந்திரத்தில் ஆய்ஸ்டர் கார்டு வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். கார்டுக்கென்று ஒரு தனிக் கட்டணம் உண்டு, அது திரும்ப வராது.

3. நேரத்தைத் தாராளமாகக் கணக்குப் போடுங்கள்

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குத் தானியங்கிக் கேட் கிடையாது. அதிகாரி இருக்கும் வரிசையில்தான் நிற்க வேண்டும். செப்டம்பரில் மாணவர் கூட்டம் சேரும்போது அந்த வரிசை பாம்பு மாதிரி வளைந்துகொண்டே போகும். விமானம் தரையிறங்கியதிலிருந்து பெட்டியோடு வெளியே வர ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. முன்பதிவு செய்த பேருந்தோ ரயிலோ இருந்தால் இந்த இடைவெளியைவிட அதிகமாகவே விடுங்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் நெரிசல் நேரம். இந்த நேரத்தில் இரண்டு பெட்டியோடு நகர மையத்தில் ரயில் மாறுவது உங்களுக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம். காலை 7 மணிக்கே வெளியே வந்துவிட்டால் அவசரப்பட வேண்டாம். ஒரு டீ குடித்து, வீட்டுக்கு ஃபோன் பேசி, கழிவறை போய் வந்து, ஒன்பதரைக்கு மேல் கிளம்புங்கள். எப்படியும் அறைகள் மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் தருவார்கள்.

சனி, ஞாயிறில் வேறு சிக்கல். பராமரிப்பு வேலைக்காக ஏதாவது ஒரு லைனில் ஒரு பகுதியை மூடி வைத்திருப்பார்கள். முந்தைய நாளே லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

4. லிஃப்ட் உள்ள வழியைக் கண்டுபிடியுங்கள்

டிஎஃப்எல் கோ என்ற ஆப்பை ஊரிலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். லண்டன் போக்குவரத்துத் துறையுடையது, இலவசம். அதில் படியில்லாத வழிகளை மட்டும் காட்டு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் வரைபடத்தில் ஏராளமான நிலையங்கள் மங்கிப்போகும். மிச்சம் இருப்பவைதான் இன்றைக்கு உங்களுக்கான லண்டன். எந்த லிஃப்ட் இன்று பழுது என்பதும் அதிலேயே தெரியும்.

வரைபடத்தில் சக்கர நாற்காலிச் சின்னம் இரண்டு விதமாக இருக்கும். நீல வட்டத்துக்குள் வெள்ளைச் சின்னம் என்றால் தெருவிலிருந்து ரயில் பெட்டிக்குள்ளேயே படியில்லாமல் போகலாம். வெள்ளை வட்டத்துக்குள் நீலச் சின்னம் என்றால் நடைமேடை வரைதான். அங்கிருந்து ரயிலுக்கு ஓர் இடைவெளியோ உயரமோ இருக்கும். பெட்டிதான் கொண்டுபோகிறோம் என்பதால் இரண்டுமே நமக்குப் போதும், இரண்டாவதில் ஒரு தூக்கு தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

லிஃப்ட் இருக்கிறது என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். ரஸ்ஸல் ஸ்கொயர் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளூம்ஸ்பரி பக்கம் மாணவர் விடுதிகள் நிறைய, ஹீத்ரோவிலிருந்து பிக்கடிலி லைன் என்ற சுரங்க ரயிலில் மாறாமல் நேரே போகலாம், லிஃப்ட்டும் இருக்கிறது. கேட்டால் எல்லோரும் அங்கேதான் இறங்கச் சொல்வார்கள். ஆனால் நடைமேடைக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவில் படிகள் இருக்கின்றன. ரயிலை விட்டு இறங்கிய கூட்டம் முழுவதும் அந்தக் குறுகலான படியில் ஏறும்போது, நீங்கள் ஒரு பெட்டியை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, கீழே விட்ட மற்றதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டியிருக்கும். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படிக்கட்டில் போனால் 175 படி. அதே லைனில் உள்ள கோவன்ட் கார்டன் நிலையத்தில் 193. ப்ளூம்ஸ்பரி போகிறவர்கள் அடுத்த நிலையமான கிங்ஸ் கிராஸில் இறங்குங்கள். எல்லா லைனுக்கும் லிஃப்ட் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பேருந்தோ சின்ன டாக்ஸிப் பயணமோ போதும்.

லெஸ்டர் ஸ்கொயர், பிக்கடிலி சர்க்கஸ், ஹோல்பர்ன், ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் ஆகியவற்றில் தெருவுக்கு வர படியில்லாத வழி இல்லை. பெட்டியோடு அங்கே இறங்கவும் வேண்டாம், ரயில் மாறவும் வேண்டாம். கிரீன் பார்க்கில் லிஃப்ட் உண்டு, ஆனால் பிக்கடிலி லைனிலிருந்து மற்ற லைன்களுக்கு நடக்கும் சுரங்கப்பாதை மிக நீளம்.

மாறித்தான் ஆக வேண்டும் என்றால், இறங்கிய நடைமேடையின் எதிர்ப்பக்கத்திலேயே அடுத்த ரயில் வரும் நிலையங்களைத் தேடுங்கள். பிக்கடிலி லைனில் இரண்டு இடங்கள் ரொம்பப் பயன்படும். ஹாமர்ஸ்மித்தில் கிழக்கே போகும் டிஸ்ட்ரிக்ட் லைன் எதிர்ப்பக்கத்திலேயே நிற்கும். ஃபின்ஸ்பரி பார்க்கில் வடக்கே போகும் விக்டோரியா லைன் அதே மாதிரி. வால்தம்ஸ்டோ, செவன் சிஸ்டர்ஸ் போகிறவர்கள் இங்கே பத்தடி நடந்தால் போதும்.

5. ஹீத்ரோவிலிருந்து வெளியே: யாருக்கு எது

எலிசபெத் லைன்: என் முதல் சிபாரிசு இதுதான். 2022 மே மாதம் திறந்த லைன், இதன் 41 நிலையங்களிலும் நடைமேடைவரை படி கிடையாது. ஹீத்ரோவிலும், பாடிங்டன் நிலையத்திலிருந்து நகர மையம் முழுவதும், ரயில் தளமும் நடைமேடையும் ஒரே மட்டம், பெட்டியை அப்படியே உருட்டி உள்ளே விடலாம். அகலமான கதவு, ஏசி, முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில்வரை ஊழியர்கள். பாடிங்டனுக்கு அரைமணி நேரம், லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மையப் பகுதிக்குக் கட்டணம் ஏறக்குறைய 15 பவுண்டு. சவுத்ஹால் இதே லைனில்தான். இல்ஃபோர்ட், மேனர் பார்க்கும் இதே லைன்தான், ஆனால் ஹீத்ரோவிலிருந்து வரும் ரயில் அபி வுட் போவதாக இருந்தால் வைட்சேப்பலில் இறங்கி, அதே நடைமேடையில் ஷென்ஃபீல்டு ரயிலுக்கு நில்லுங்கள். ஈஸ்ட் ஹாம் போகிறவர்கள் இல்ஃபோர்டில் இறங்கி 147 பேருந்தைப் பிடிக்கலாம். டெர்மினல் 5-இல் இந்த ரயில் குறைவு, பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிக்கடிலி லைன்: மலிவு, ஏறக்குறைய 6 பவுண்டு. கிங்ஸ் கிராஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஹீத்ரோவில்தான் தொடங்குகிறது என்பதால் உட்கார இடம் கிடைக்கும், கதவோரத்தில் பெட்டி வைக்கவும் இடம் உண்டு. ஆனால் ரயில் பெட்டிகள் சிறியவை, பழைய ரயில்கள், கோடையில் புழுங்கும். உங்கள் நிலையம் இந்த லைனிலேயே, லிஃப்டோடு இருந்தால் மட்டும் எடுங்கள். அப்படியானவை: ஆக்டன் டவுன், ஹாமர்ஸ்மித், ஏர்ல்ஸ் கோர்ட், கிரீன் பார்க், கிங்ஸ் கிராஸ், ஃபின்ஸ்பரி பார்க்.

ஹீத்ரோ எக்ஸ்பிரஸ்: பாடிங்டனுக்கு 15 நிமிடம். அன்றைக்கே வாங்கினால் 25 பவுண்டு அளவில் ஆகும். பாடிங்டன் பக்கத்திலேயே தங்குகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இது தேவையில்லை என்பது என் கருத்து. மிச்சமாகும் கால்மணி நேரம் அங்கே ரயில் மாறுவதில் போய்விடும். எலிசபெத் லைனும் இதுவும் ஒரே தண்டவாளத்தில் வருவதால், பலகையைப் பார்க்காமல் ஏறிவிடாதீர்கள்.

பேருந்து: இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஹீத்ரோவின் மத்தியப் பேருந்து நிலையம் டெர்மினல் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து சூப்பர்லூப் என்ற விரைவுப் பேருந்துகள் கிளம்புகின்றன. எஸ்எல்9 ஹேய்ஸ் வழியாக ஹாரோவுக்குப் போகும். எஸ்எல்7 கிங்ஸ்டன், சட்டன் வழியாக கிராய்டனுக்குப் போகும். இந்த ஊர்களில் தமிழர்கள் நிறைய. இங்கே வீடு எடுத்திருப்பவர்கள் நகர மையத்துக்குள் போய், ரயில் மாறி, மறுபடி வெளியே வர வேண்டிய அவசியமே இல்லை. கட்டணம் 1.75 பவுண்டுதான். அதே கட்டணத்தில் முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பேருந்திலும் ஏறிக்கொள்ளலாம். எல்லாம் தாழ்தளப் பேருந்துகள். கீழ்த்தளத்தில் பெட்டி வைக்க ஒரு சின்ன தட்டு இருக்கும். கிராய்டன் வரை போக இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், ஆனால் ஒரு படி ஏற வேண்டாம்.

சக்கர நாற்காலிக்கு என்று விட்டிருக்கும் இடத்தில் பெட்டியை வைத்திருந்தால், அது தேவைப்படுகிறவர் ஏறும்போது உடனே நகர்த்த வேண்டும். பேருந்து நிரம்பியிருந்தால் ஓட்டுநர் பெட்டியோடு ஏற வேண்டாம் என்று சொல்லலாம். வாதாடாமல் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள்.

டாக்ஸி: கருப்பு டாக்ஸியில் ஐந்து பேர் உட்காரலாம், பெட்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை. மீட்டர்படி நகர மையத்துக்கு 70 பவுண்டிலிருந்து 100 தாண்டியும் போகும், போக்குவரத்து நெரிசலைப் பொறுத்தது. நான்கு பேர் குடும்பமாக எட்டுப் பெட்டியோடு வந்தால் ரயில் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. ஊபர் போன்ற வண்டிகள் பொதுவாக மலிவு. ஆனால் சாதாரணக் காரில் இரண்டு பெரிய பெட்டிக்கு மேல் போகாது. ஆள் ஒருவர்தானே என்று சின்ன வண்டியைப் பதிவு செய்து, ஓட்டுநர் வந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டு மறுத்து, ரத்துக் கட்டணமும் கட்டியவர்களை எனக்குத் தெரியும். பெரிய வண்டியாகவே பதிவு செய்யுங்கள். பெட்டி கையில் வந்தபிறகு பதிவு செய்யுங்கள், காத்திருப்புக் கட்டணம் ஏறாது.

வருகைக் கூடத்தில் யாராவது நெருங்கி வந்து டாக்ஸி வேண்டுமா என்று கேட்டால், தமிழிலேயே கேட்டாலும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடங்கள். முன்பதிவு இல்லாமல் ஆள் பிடிப்பது இங்கே சட்டவிரோதம். காப்பீடும் இருக்காது.

இரவு நள்ளிரவுக்குப் பிறகு வருகிறவர்களுக்கு: வெள்ளி, சனி இரவுகளில் பிக்கடிலி லைன் விடிய விடிய ஓடும், டெர்மினல் 4-க்கு மட்டும் போகாது. மற்ற நாள்களில் என்9 இரவுப் பேருந்து ஹீத்ரோவிலிருந்து நகர மையத்துக்கு வரும். ஆனாலும் முதல்முறை வருகிறவர் இரண்டு பெட்டியோடு இரவு இரண்டு மணிக்குப் பேருந்தில் போவதை நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு மட்டும் டாக்ஸிக்குச் செலவழியுங்கள்.

6. வண்டிக்குள் எப்படி நிற்பது

டிக்கெட் கேட்டுகளில் ஓரத்தில் ஒன்று அகலமாக இருக்கும். அதில்தான் போக வேண்டும். சின்ன கேட்டில் பெட்டியை முன்னால் தள்ளி நீங்கள் பின்னால் மாட்டிக்கொண்டால் கதவு நடுவில் மூடிவிடும்.

எஸ்கலேட்டரில் இரண்டு பெட்டியோடு ஏறவே வேண்டாம். ஒரு பெட்டி சரிந்தால் கீழே நிற்கும் அத்தனை பேரும் விழுவார்கள். லிஃப்ட் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் ஊழியரைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம், அது அவர்கள் வேலை. லிஃப்ட்டில் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் குழந்தை வண்டிக்கும் முதலில் வழி விடுங்கள்.

ரயிலில் பெட்டியைப் படுக்க வைக்காதீர்கள், நிற்க வைத்து முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கையில் பெட்டி உட்காரக் கூடாது. எங்கேயும், ஒரு நிமிடத்துக்குக்கூட, பெட்டியைத் தனியாக விட்டுவிட்டு நகராதீர்கள். ஆளில்லாத பெட்டி என்றால் நிலையத்தையே காலி செய்யும் ஊர் இது.

7. லண்டனுக்கு வெளியே படிக்கப் போகிறீர்களா

அப்படியானால் லண்டனுக்குள்ளேயே நுழையாதீர்கள். பர்மிங்ஹாம், கோவன்ட்ரி, லெஸ்டர், நாட்டிங்ஹாம் போன்ற ஊர்களுக்கு ஹீத்ரோவிலிருந்தே நேஷனல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் கோச், அதாவது நெடுந்தூரப் பேருந்து, இருக்கிறது. பெட்டியை வண்டியின் வயிற்றில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டே போகலாம். முன்கூட்டி வாங்கினால் ரயிலைவிடப் பல மடங்கு மலிவு. ஒரு கவனம்: ஒருவருக்கு நடுத்தர அளவில் இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 20 கிலோ வரை என்பது அவர்கள் விதி. உங்கள் விமானப் பெட்டி 23 கிலோ. வாங்கும்போதே விதியைப் படித்து, தேவையானால் கூடுதல் பெட்டிக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள். விமானம் தாமதமானால் வேறு வண்டியில் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள டிக்கெட்டாக எடுங்கள்.

ரயிலில்தான் போக வேண்டும் என்றால், இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பை வரை கட்டணமில்லை. பெட்டி வைக்கும் அடுக்கு ஒவ்வொரு ரயில் பெட்டியின் முனையிலும் இருக்கும், சீக்கிரம் நிரம்பிவிடும். யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் போன்ற நிலையங்களில் நடைமேடை எண்ணைக் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் அறிவிப்பார்கள். அப்போது கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் ஓடும். கிளம்புவதற்கு இரண்டு நிமிடம் முன்பே கதவை மூடிவிடலாம். அதனால் பலகைக்கு நேர் கீழே நிற்காமல், நடைமேடை நுழைவாயில்கள் பக்கம் நின்றுகொண்டு பாருங்கள்.

8. அறை தயாராகும்வரை பெட்டியை எங்கே வைப்பது

முதலில் விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் வரவேற்பறையில் வைத்துக்கொள்ள விடுவார்கள். எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காலையில் இருக்கும் ஊழியருக்கு விஷயம் தெரியாமல் போகலாம்.

லண்டன் ரயில் நிலையங்களில் காசு போட்டுப் பூட்டும் லாக்கரைத் தேடி அலையாதீர்கள். அதற்குப் பதில் ஆள் வைத்து நடத்தும் பெட்டிக் காப்பகங்கள் பாடிங்டன், கிங்ஸ் கிராஸ், யூஸ்டன், விக்டோரியா, லிவர்பூல் ஸ்ட்ரீட் போன்ற பெரிய நிலையங்களிலும் ஹீத்ரோ டெர்மினல்களிலும் உண்டு. ஒரு பெட்டிக்கு ஒரு நாளைக்கு 15 பவுண்டு அளவில் ஆகும். பெட்டியை ஸ்கேன் செய்துதான் வாங்குவார்கள். ஸ்டாஷர், பவுன்ஸ் போன்ற ஆப்களில் பதிவு செய்து பக்கத்துக் கடையிலோ ஹோட்டலிலோ வைத்தால் இதில் பாதிக்கும் குறைவு. ஆனால் கடை மூடும் நேரத்தைப் பாருங்கள், ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டால் உங்கள் பெட்டி அடுத்த நாள்தான். காகிதங்களும் லேப்டாப்பும் எப்போதும் உங்களோடு.

9. அறை மாறும்போது

முதல் வருடத்தில் எல்லோரும் குறைந்தது ஒரு தடவை வீடு மாறுவார்கள். அப்போது இரண்டு பெட்டி நான்காகியிருக்கும், கூடவே குக்கர், போர்வை, மேசை விளக்கு. டியூபில் மூன்று நடை நடப்பதைவிட, மணிக்கணக்கில் வாடகைக்கு வரும் மேன் அண்ட் வேன் ஆளைக் கூப்பிடுங்கள். ஓட்டுநரே தூக்க உதவுவார். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வாசலில் விலை ஏறும். வேறு ஊருக்கு என்றால் பெட்டியை மட்டும் கூரியரில் அனுப்பலாம். பார்சல்ஃபோர்ஸ் ஒரு பொதிக்கு 30 கிலோ வரை எடுக்கும். செண்ட் மை பேக் போன்றவர்கள் வீட்டு வாசலிலேயே வந்து வாங்கிக்கொள்வார்கள்.

10. திரும்பிப் போகும்போது

எந்த டெர்மினல் என்பதை டிக்கெட்டில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மேற்கே போகும் பிக்கடிலி ரயில்கள் எல்லாம் ஹீத்ரோவுக்குப் போவதில்லை. ஆக்டன் டவுனில் பிரிந்து சில அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் போய்விடும். ஹீத்ரோ ரயிலிலும் டெர்மினல் 4-க்குப் போவது தனி, 5-க்குப் போவது தனி. மாறி ஏறிவிட்டால் பதறாதீர்கள், டெர்மினல்களுக்கு இடையே எலிசபெத் லைனில் போகக் கட்டணம் இல்லை. கேட்டில் மட்டும் கார்டைத் தட்டுங்கள்.

கிளம்பும் அன்று காலையில் ஆப்பைத் திறந்து உங்கள் நிலையத்து லிஃப்ட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பழுது என்றால் அடுத்த நிலையத்துக்குப் பேருந்தில் போங்கள், அதற்கு அரைமணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் கவுன்டரில் நிற்பதுபோல் கணக்குப் போட்டால், எடை கூடிப்போய்ப் பெட்டியைத் திறந்து சாமான் மாற்றவும் நேரம் இருக்கும்.